கிணற்றுக் களியில் கிடைத்த கறுத்த மரம்: வயசு எப்படிக் கண்டுபிடிக்க?

தேங்காப்பட்டணத்தான் · ஞாயிறு இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். எனக்க வீடு தேங்காப்பட்டணம் பக்கம், பொழிமுகத்துல இருந்து ரொம்பத் தூரம் இல்ல. முன்ன வயலாக் கெடந்து, பின்ன மண்ணு நிகத்தித் தென்னை வச்ச எடம். போன வாரம் அங்க கிணறு வெட்டினோம். மேல நிகத்துன செம்மண்ணு, கீழ மணலு, 20 அடி தாண்டினதும் நீலங்கலந்த கறுப்புக் களி. அழுகின முட்டை நாத்தம் வேற.

அந்தக் களிக்குள்ள இருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு மரத்துண்டு வந்தது. நல்ல கறுப்பு. கத்தியால சுரண்டுனா நாரு தெரியுது, அதனால கல்லு இல்லன்னு நெனைக்கியேன். கூடவே களிக்கட்டியில ரெண்டு மூணு இலை ஒட்டிக் கெடந்தது. பிளந்தப்பம் பழுப்பா இருந்தது, பாத்துக்கிட்டு நிக்கும்போதே கறுத்துப் போச்சு.

வேலைக்கு வந்த மூத்த ஆளு லட்சம் வருசம் இருக்கும்னாரு. மச்சான் கோடிங்கான். அம்மா, அது நேத்து வெள்ளத்துல வந்த தடியாக்கும்ங்கா. இது ஃபாசிலா? கார்பன் டேட்டிங் எங்க செய்வாவ? இலையை வச்சு அந்தக் காலத்து வெயில், மழை எல்லாம் சொல்லலாம்னு எங்கயோ வாசிச்சேன், உள்ளதா?

சுத்தியலும்_லென்சும் · ஞாயிறு இரவு 10:40

தம்பி, பதில் சொல்றதுக்கு முன்னாடி மூணு கேள்வி. மரம் சரியா எத்தனை அடியில இருந்தது? களியோட மேல் விளிம்புல இருந்தா, நடுவுலயா? எடுத்த பிறகு அதை என்ன செஞ்சீங்க?

தேங்காப்பட்டணத்தான் · ஞாயிறு இரவு 10:58

அடி சரியாத் தெரியாது அண்ணே, 22ல இருந்து 25க்குள்ள இருக்கும். வாளியில வந்ததாக்கும். வீட்டுக்குக் கொண்டு வந்து ஹோஸ் வச்சு அடிச்சுக் கழுவினேன். அம்மா தேங்காநாரு வச்சு நல்லாத் தேச்சா. இப்பம் மொட்டை மாடியில காயுது. ஒரு பக்கமா வெடிச்சிருக்கு.

சுத்தியலும்_லென்சும் · ஞாயிறு இரவு 11:05

😐

சரி, போனது போகட்டும். முதல்ல அதை நிழலுக்குக் கொண்டு போங்க.

மரத்தை எடுத்தவங்க எல்லாரும் மரத்துகிட்டயே வயசு கேக்கிறாங்க. வயசைச் சொல்றதுல பாதி வேலை அது கிடந்த அடுக்குடையது. மேல் அடுக்கு இளையது, கீழ் அடுக்கு மூத்தது என்று ஸ்டெனோங்கிற டென்மார்க்கு அறிஞர் 1669ல எழுதி வச்சார். கிணறு வெட்டுற யாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான், ஆனா எல்லாக் கணக்கும் அதுல இருந்துதான் தொடங்குது. கிணத்துச் சுவர் இன்னும் திறந்து கிடக்கா? உறை இறக்கிட்டீங்களா?

தேங்காப்பட்டணத்தான் · ஞாயிறு இரவு 11:09

புதன்கிழமை இறக்குவாவ. இப்பம் மோட்டாரு போட்டு எறச்சா சுவரு தெரியும்.

வெட்டுக்கல் · திங்கள் காலை 6:31

குவாரித் தொழில்ல 18 வருசம் இருக்கேன். ஃபாசில் வேணும்னா கிணத்துக்குள்ள எதுக்குப் போகணும்? எங்க கருங்கல்லைப் பிளந்தா உள்ளே செடி படம் அப்படியே இருக்கும். சின்னச் சின்னக் கிளை, இலை, பெரணிச் செடி மாதிரி. நானே பத்துப் பதினஞ்சு எடுத்து வச்சிருக்கேன். ஒண்ணை ஷோகேஸ்ல வச்சிருக்கேன். கோடி வருசம்னா அதுதான் கோடி வருசம்.

சுத்தியலும்_லென்சும் · திங்கள் காலை 8:20

ஷோகேஸ்ல இருந்து எடுக்க வேண்டாம், அழகான பொருள்தான். ஆனா அது செடி இல்ல. கல்லுல இருக்கிற மெல்லிய விரிசல்ல தண்ணி கசியும்போது அதுல கரைஞ்ச மாங்கனீசு, இரும்பு ஆக்சைடு கிளை கிளையாப் படிஞ்சு போகும். டென்ட்ரைட்டுன்னு பேரு. ஜன்னல் கண்ணாடியில பனி படருற மாதிரி. நல்லாப் பாருங்க, எப்பவும் விரிசல் முகத்துல மட்டும்தான் இருக்கும், நடு நரம்பு இருக்காது, கிளை பிரியற கோணத்துல ஒழுங்கு இருக்காது. புவியியல் படிச்சு முதல் வருசம் நானும் ஒண்ணை எடுத்துட்டுப் போய்ப் பேராசிரியர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

இன்னொரு காரணமும் இருக்கு. நம்ம மாவட்டத்துப் பாறையில பெரும்பகுதி சார்னோக்கைட், கோண்டலைட், கார்னெட் கலந்த நைஸ் (gneiss). எல்லாம் சூட்டுல உருமாறின கல் வகை. மருத்துவாழ் மலை, விவேகானந்தர் பாறை, உங்க குவாரி எல்லாம் இந்தக் குடும்பம். சார்னோக்கைட்டுங்கிற பேரே வேடிக்கை. கல்கத்தாவுல ஜாப் சார்னோக்குங்கிற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியோட கல்லறைக் கல் இந்த வகை. அவர் நினைவா ஹாலண்டுங்கிற புவியியலாளர் வச்ச பேரு. அந்தக் கல்லே சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்துல இருந்து போனதுதான்.

நம்ம பாறை சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன்னாடி பூமிக்கு அடியில 800 டிகிரி சூட்டுல வெந்து உருமாறினது. நிலத்துல செடி முளைச்சதுக்குக் கிடைச்சிருக்கிற பழைய தடயமே, அதுவும் வெறும் வித்துத்தூள்தான், சுமார் 47 கோடி ஆண்டு. அதாவது நம்ம கருங்கல் வெந்து முடிஞ்ச காலத்துல உலகத்துல ஒரு புல்லு கூட இல்ல. அதுக்குள்ள பெரணி எப்படி வரும்?

வெட்டுக்கல் · திங்கள் காலை 8:44

18 வருசமா வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டிருந்தேன். மருமகன் வேற அதை வாட்சப்ல போட்டு 300 லைக் வாங்கினான்.

அது கிடக்கட்டும், 55 கோடின்னு எப்படிச் சொல்றீங்க? கல்லுல பிறந்த தேதியா எழுதி இருக்கு?

சுத்தியலும்_லென்சும் · திங்கள் மதியம் 1:15

கிட்டத்தட்ட எழுதித்தான் இருக்கு. மணவாளக்குறிச்சி மணல் தெரியும்ல? 1909ல ஷோம்பர்க்கிங்கிற ஜெர்மானியர் அங்கதான் மோனசைட் கண்டுபிடிச்சார். அந்த மணல்ல கறுப்பா இல்மனைட், சிவப்பா கார்னெட், மஞ்சளா மோனசைட், நிறமில்லாம சிர்கான். எல்லாம் நம்ம மலை உதிர்ந்து ஆத்துல வந்து கடல் அலையில சலிச்சுக் கரையில சேர்ந்தது.

சிர்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைக் கிட்டவே சேர்க்காது. பிறகு யுரேனியம் தானா சிதைஞ்சு ஈயமா மாறும். ஆக, உள்ளே எவ்வளவு ஈயம் இருக்கோ அது முழுக்கப் படிகம் பிறந்த பிறகு சேர்ந்தது. யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, 235 பாதியாகக் குறைய 70 கோடி. ஒரே மணல்மணிக்குள்ள ரெண்டு கடிகாரம். ரெண்டும் ஒரே நேரம் காட்டினா நம்பலாம், வேற வேற காட்டினா நடுவுல ஈயம் கசிஞ்சிருக்குன்னு அர்த்தம். மோனசைட்டுல தோரியம் நிறைய, அது இன்னும் மெதுவான கடிகாரம், 1405 கோடி.

நம்ம ஊர் சிர்கானை வெட்டி நுண்ணோக்கியில பாத்தா நடுவுல ஒரு கரு, சுத்தி ஒரு மேல்பூச்சு. பழைய சுவருக்கு மேல புது சிமெண்டு பூசின மாதிரி. பூச்சுதான் அந்த 55 கோடி. கரு அதைவிட ரொம்பப் பழசு. ரெண்டையும் சேர்த்து அரைச்சு ஒரே வயசு எடுத்தா நடுவுல ஏதோ ஒரு எண் வரும், அது எதோட வயசும் இல்ல.

இப்ப முக்கியமான இடம். மணவாளக்குறிச்சிக் கரையில இன்னிக்குக் காலையில அலை கொண்டு வந்து போட்ட மணலை எடுத்துச் சோதிச்சா என்ன வயசு வரும்?

தேங்காப்பட்டணத்தான் · திங்கள் மதியம் 1:30

55 கோடி?

சுத்தியலும்_லென்சும் · திங்கள் மதியம் 1:34

அதேதான். மணி 55 கோடி, கரை இன்னிக்குக் காலை. மணல் அடுக்குக்கு வயசு சொல்றதுல எப்பவும் வர்ற வில்லங்கம் இது. உள்ளே இருக்கிற மணி, "இந்த அடுக்கு என்னைவிட மூத்தது இல்ல"ன்னு மட்டும்தான் சொல்லும். உங்க மரத்துக்கும் இது பொருந்தும். ஆறு எங்கயோ பழைய களியை அரிச்சு அதுல கிடந்த மரத்தைக் கொண்டு வந்து புதுக் களியில போட்டிருக்கலாம். உங்க அம்மா சொன்ன வெள்ளத் தடி முழுசா அபத்தம் இல்ல.

தென்கடலோன் · திங்கள் மாலை 5:02

இத்தனை நேரம் யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். குமரிக்குத் தெற்கே நிலம் இருந்தது என்று நம் பழைய பாட்டுகள் சொல்கின்றன. கடல்கோளில் மூழ்கிய காட்டின் மரம்தான் இது. லெமூரியா என்று வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டதை நம் ஆட்களே மறைப்பது வேதனை.

மகரந்தத்தூள் · திங்கள் இரவு 8:17

ஐயா, லெமூரியாங்கிற பேரை 1864ல ஸ்கிளேட்டருங்கிற ஆங்கில விலங்கியலாளர் வச்சார். மடகாஸ்கர்ல குரங்குக்கு உறவான லெமூர் இருக்கு, இந்தியாவுல அதுக்கு ஒத்த விலங்கு இருக்கு, நடுவுல கடல், அப்போ நிலம் மூழ்கியிருக்கணும்னு அவர் யோசிச்சார். கண்டங்களே நகரும்னு அப்போ யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச பிறகு அந்த மூழ்கின கண்டம் தேவைப்படல. மடகாஸ்கரும் நாமும் கோண்டுவானாங்கிற பழைய தெற்குப் பெருநிலத்துல ஒட்டிக் கிடந்து பிரிஞ்சோம், அவ்வளவுதான். அந்தப் பிரிவு சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன்னாடி. பாக்க ஒரு மனுசனும் கிடையாது.

ஆனா நீங்க சொல்றதுல தள்ளிவிடக் கூடாத ஒரு பாதி இருக்கு. சுமார் 20,000 ஆண்டுக்கு முன்னாடி, பனி யுகத்தோட உச்சத்துல, கடல் மட்டம் இன்னிக்கு இருக்கிறதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. தண்ணியெல்லாம் வடக்கே பனிப்பாளமா உறைஞ்சு கிடந்தது. அப்போ குமரிமுனைக்குத் தெற்கே இப்போ ஆழம் குறைவா இருக்கிற பகுதி தரைதான். இலங்கைக்கு நடந்து போகலாம். பிறகு பனி உருகிக் கடல் ஏறி, சுமார் 7,000 ஆண்டுக்கு முன்னாடி இப்போதைய மட்டத்துக்குப் பக்கத்துல வந்தது. கண்டம் மூழ்கல, கரை உள்ளே வந்தது. அதைப் பாத்த மனுசங்க இருந்திருப்பாங்க.

இந்த மரத்துக்கு அதுதான் முக்கியம். கடல் தாழ்ந்து கிடந்தப்போ குழித்துறைத் தாமிரபரணி தன் பள்ளத்தை ஆழமா அரிச்சிருக்கும். கடல் ஏறினதும் முகத்துவாரம் உள்வாங்கி, ஓட்டம் தளர்ந்து, பள்ளத்துல களி படியும். களியில சதுப்புக்காடு வரும். அழுகின முட்டை நாத்தம்னு சொன்னீங்களே, அது உயிர்வாயு இல்லாத சேத்துல பாக்டீரியா உண்டாக்குற ஹைட்ரஜன் சல்ஃபைடு. கடல்தண்ணி கலந்த சேத்துல சல்ஃபேட் அதிகம்கிறதால அந்த நாத்தமும் அதிகம். உயிர்வாயு இல்லாததாலதான் மரமும் இலையும் அழுகாம இருந்துச்சு. காத்துப் பட்டதும் இலை கறுத்ததும் அதனாலதான். குட்டநாட்டுல கரிநிலம்னு ஒண்ணு உண்டு. அங்க வயலுக்கு அடியில இதே மாதிரி கறுத்த மரம் தடி தடியாக் கிடக்கும்.

அதனால என் ஊகம், இது கோடியும் இல்ல, லட்சமும் இல்ல. ஆயிரக்கணக்கு. ஊகம்தான், எழுதி வச்சுக்காதீங்க.

தென்கடலோன் · திங்கள் இரவு 9:00

கரை உள்ளே வந்ததைப் பார்த்தவர்கள் பாடி வைத்திருக்கலாம் என்பதையாவது ஏற்றுக்கொள்கிறீர்களே, மகிழ்ச்சி.

மகரந்தத்தூள் · திங்கள் இரவு 9:06

பாடியிருக்கலாம் ஐயா. அந்தப் பாட்டைத் தேதி போட என்கிட்ட கருவி இல்ல.

வெட்டுக்கல் · செவ்வாய் காலை 6:10

அப்போ கார்பன் டேட்டிங்குக்கு அனுப்ப வேண்டியதுதானே. எதுக்கு இவ்ளோ பேச்சு.

மகரந்தத்தூள் · செவ்வாய் காலை 7:25

ஆயிரக்கணக்குன்னு ஊகம் வந்த பிறகுதான் கார்பன் பொருந்தும். உயிர் செத்ததும் அதுல இருக்கிற கதிரியக்கக் கார்பன் 14 குறைய ஆரம்பிக்கும், பாதியாகக் குறைய 5,730 ஆண்டு. பத்து தடவை பாதியானா ஆயிரத்துல ஒரு பங்குதான் மிச்சம். அதனால 50,000 ஆண்டுக்கு மேல இந்த முறை கைவிரிச்சிடும். நிலக்கரியைக் கொண்டு போய்க் கார்பன் டேட்டிங் கேட்கிறவங்க வருசத்துக்கு ஒருத்தராவது வருவாங்க.

லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனம், அகமதாபாத் பி.ஆர்.எல். (இயற்பியல் ஆய்வுக்கூடம்), தில்லி ஐ.யூ.ஏ.சி. (பல்கலைக்கழகங்களுக்கான முடுக்கி மையம்) இங்கெல்லாம் செய்வாங்க. தனி ஆளா அனுப்புறதைவிட ஒரு கல்லூரித் துறை வழியாப் போறது நல்லது. அனுப்பினா மரத்தோட வெளிப்புறத்துல இருந்து எடுங்க. நடு வைரம் மரம் நிக்கும்போதே செத்துப் போனது, அதோட கடிகாரம் முன்னாலேயே ஓட ஆரம்பிச்சிடும். பெரிய மரம்னா அதுலயே நூறு இருநூறு வருசம் பிசகும். உங்ககிட்ட இலை இருக்கே, அதுதான் தங்கம். ஒரு வருசம் மரத்துல இருந்து விழுந்தது, அதுக்கு மேல பழசாகாது. சிவகளையில முதுமக்கள் தாழி நெல்லை வச்சு கி.மு. 1155ன்னு சொன்னாங்க இல்லையா, அங்கயும் இதே நியாயம்தான். நெல்லும் ஒரு வருசப் பொருள்.

ஆய்வகம் முதல்ல தர்ற எண் நாட்காட்டி ஆண்டு இல்ல. காத்துல இருக்கிற கார்பன் 14 எல்லாக் காலத்துலயும் ஒரே அளவா இருந்ததில்ல, அதனால மரவளையங்களை வச்சுப் போட்ட அளவுகோல்ல ஏத்தித் திருத்தணும்.

எட்டாப்பு_டீச்சர் · செவ்வாய் மாலை 4:50

ரெண்டு நாளா சத்தமில்லாம வாசிச்சிட்டிருந்தேன். குலசேகரம் பக்கம் பள்ளிக்கூடம். இலையை வச்சு வெப்பம் கண்டுபிடிக்கிறதை இன்னிக்குப் பிள்ளைகளை வச்சு செஞ்சு பாத்தோம். குளிர்ந்த ஊர்க் காடுகள்ல ஓரம் ரம்பம் மாதிரி இருக்கிற இலை அதிகம், சூடான ஊர்ல ஓரம் வழவழன்னு இருக்கிற இலை அதிகம்னு 1915ல பெய்லி, சின்னட்னு ரெண்டு தாவரவியலாளர்கள் கவனிச்சாங்களாம். உல்ஃப்ங்கிற ஃபாசில் தாவர ஆய்வாளர் 1979ல அதைக் கணக்காக்கினார். வழவழ ஓர இலை வகைகளோட பங்கை 30.6ஆல பெருக்கி 1.14 கூட்டினா ஆண்டுச் சராசரி வெப்பம்.

பள்ளிக்கூடத்தைச் சுத்தி 32 வகை இலை கொண்டு வந்தாங்க. மா, சக்கை, புளி, அயனி, நாவல், புன்னை, பூவரசு, ரப்பர், கொல்லாமாவு, கொய்யா, சப்போட்டா, தென்னை, பனை, வாழைன்னு 26 வழவழ. வேம்பு, செம்பருத்தி, பேயத்தி, ரோஜா, துளசி, உண்ணிச்செடி 6ம் ரம்பம். 26/32 = 0.8125. கணக்குப் போட்டா சரியா 26.0 டிகிரி! நம்ம ஊர்ச் சராசரி 27, 28 பக்கம். பிள்ளைகளுக்கு ஒரே ஆரவாரம். ஒருத்தன் மட்டும் "டீச்சர், வெப்பமானி இருக்கும்போது இது எதுக்கு"ன்னான்.

மகரந்தத்தூள் · செவ்வாய் இரவு 8:30

டீச்சர், அருமை! அந்தப் பையனுக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுங்க, செலவு என்னுது. வெப்பமானி இல்லாத காலத்துக்குப் போகத்தான் வெப்பமானி இருக்கிற காலத்துல பழகிப் பாக்கிறோம்.

இனி குத்தம் சொல்றேன், கோபிக்காதீங்க. இந்தக் கணக்கு இருவித்திலை மரம், புதர், கொடிகளுக்கு மட்டும்தான். தென்னை, பனை, வாழை மூணும் வெளியே போகணும். துளசியும் போகணும். மிச்சம் 28, வழவழ 23. இப்போ 26.3 வரும். அடுத்து, ரப்பர், கொல்லாமாவு, கொய்யா, சப்போட்டா, உண்ணிச்செடி, ரோஜா, செம்பருத்தி இதெல்லாம் இங்கத்தக் காடு தானாத் தேர்ந்தெடுத்ததில்ல, மனுசன் கொண்டு வந்து வச்சது. அதையும் எடுத்தா 21 வகை, 19 வழவழ. விடை 28.8.

ஒரே பள்ளிக்கூட வளாகம். எதை எண்ணுறோம்ங்கிறதை மாத்தினதும் கிட்டத்தட்ட 3 டிகிரி ஆடிச்சு. ஃபாசில் இலைகள்லயும் இதே ஆட்டம் உண்டு. ஆத்தோரத்துல ரம்ப இலை வழக்கத்தைவிட அதிகம். ஏரிச் சேத்துல ஃபாசிலாகிறது பெரும்பாலும் ஆத்தோர மரம்தான், அதனால விடை கொஞ்சம் குளிரா வரும். இருபது வகைக்குக் கீழே கிடைச்சா நான் கணக்கே போட மாட்டேன். தேங்காப்பட்டணத்து அண்ணனோட மூணு இலையை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

எட்டாப்பு_டீச்சர் · செவ்வாய் இரவு 9:02

வாழையை நான்தான் சேர்க்கச் சொன்னேன், பிள்ளைங்க மேல தப்பில்ல 🙂

ஒரு சந்தேகம். பாடப் புத்தகத்துல குளோசோப்டெரிஸ் படம் இருக்கு. கோண்டுவானா நிலக்கரியில வர்ற இலை. ஓரம் முழுக்க வழவழ. அப்போ அந்தக் காலம் பயங்கரச் சூடா?

சுத்தியலும்_லென்சும் · செவ்வாய் இரவு 9:40

மகரந்தம் பதில் சொல்றதுக்கு முன்னாடி நான் குதிச்சிடுறேன், இது எனக்குப் பிடிச்ச கதை.

1912ல ஸ்காட் குழு தென் துருவத்துல இருந்து திரும்பி வரும்போது பசியிலயும் பனியிலயும் செத்தாங்க. அவங்ககிட்ட சுமார் 16 கிலோ கல் இருந்தது. நடக்க முடியாத நிலையிலயும் அதைத் தூக்கிப் போடல. அதுக்குள்ள இருந்தது குளோசோப்டெரிஸ். நம்ம ராணிகஞ்ச் நிலக்கரியில இருக்கிற அதே இலை அண்டார்டிகாவுல. ரெண்டு நிலமும் ஒட்டிக் கிடந்ததுக்கு அந்த இலை சாட்சி.

அது வளர்ந்த இடம் துருவத்துக்குப் பக்கம். வருசத்துல சில மாசம் சூரியனே வராது. கூடக் கிடைக்கிற கட்டையில வளர்ச்சி வளையம் தெளிவா இருக்கு, இலைகள் கூட்டமா உதிர்ந்து பாய் விரிச்ச மாதிரி கிடக்கு. குளிர்காலம் வந்ததும் உதிர்த்திருக்கு. இலை மட்டும் வழவழ. உல்ஃபோட கணக்கைப் போட்டா 31.7 டிகிரி வரும், கேலிக்கூத்து. கணக்கு பூக்கும் தாவரத்துக்கு. குளோசோப்டெரிஸ் காலம் 25 கோடி ஆண்டுக்கு மேல, அப்போ உலகத்துல பூவே இல்ல.

மகரந்தத்தூள் · செவ்வாய் இரவு 10:15

அதே. இன்னொண்ணு: நம்ம நிலம் ஒரே இடத்துல நிக்கல. 6.6 கோடி ஆண்டுக்கு முன்னாடி தக்காணத்துல எரிமலைக் குழம்பு ஓடினப்போ இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவுல ஏரி உண்டாகி, அதுல பனைக்காய், இலை, கட்டை எல்லாம் மாட்டிக்கிச்சு. மேலயும் கீழயும் எரிமலைப் பாறை இருக்கிறதால ஆர்கான் முறையில (பாறையில பொட்டாசியம் சிதைஞ்சு சேர்ந்த ஆர்கானை அளக்கிறது) ரெண்டுக்கும் வயசு போட்டு நடுவுல இருக்கிற இலையை நெருக்கிப் பிடிச்சிடலாம். நம்ம தென்கோடியில அந்த வசதி இல்ல, சாம்பலும் இல்ல குழம்பும் இல்ல. வர்க்கலைக் குன்றுல மணற்கல், களி, நடுவுல பழுப்பு நிலக்கரின்னு அழகா அடுக்கு தெரியும், போனவங்க பாத்திருப்பீங்க. ஆனா அதுக்கு நேரடியா வயசு சொல்ல ஒண்ணும் இல்ல. அதுக்குக் கீழே கொல்லம் சுண்ணாம்புக்கல் கிடக்கு. அதுல இருக்கிற நுண்ணிய கடல் உயிரிகள் மயோசீன் தொடக்கம், சுமார் 1.6ல இருந்து 2 கோடி ஆண்டுக்குள்ளன்னு காட்டுது. அதை வச்சு மேல இருக்கிறது அதுக்குப் பிந்தினதுன்னு சொல்றோம்.

இதையெல்லாம் சரி பாக்காம, இலையில 2 டிகிரி கூடியிருக்கு, அதனால உலகம் சூடாச்சுன்னு சொல்லிட முடியாது. நிலம் வெயிலைத் தேடி வடக்கே போயிருக்கலாம்.

வெட்டுக்கல் · புதன் காலை 6:05

திருவக்கரைக்கு ஒருக்கா லாரியில லோடு எடுக்கப் போனப்போ கல்மரப் பூங்காவைப் பாத்தேன். மரம் அப்படியே கல்லா. அதுல என்ன தெரியும்? இது டென்ட்ரைட்டுன்னு சொல்லிடாதீங்க.

மகரந்தத்தூள் · புதன் காலை 7:12

இல்ல, அது அசல் மரம். 1781ல சொன்னரட்ங்கிற பிரெஞ்சுக்காரர் பாத்து எழுதினார். மரத்துக்குள்ள சிலிக்கா கரைஞ்ச தண்ணி புகுந்து செல் செல்லா நிரப்பிக் கல்லாக்கிடுச்சு. மெல்லிசாச் சீவி நுண்ணோக்கியில பாத்தா தண்ணிக் குழாய், கதிர் எல்லாம் அப்படியே தெரியும், அதை வச்சுக் குடும்பம் சொல்லலாம். அந்தக் கடலூர் மணற்கல் மரங்கள்ல பசுமை மாறாக் காட்டு உறவுகள் நிறைய. இன்னிக்கு அந்தச் சாதி மரத்தைப் பாக்க மேற்குத்தொடர்ச்சி மலைக்கோ மலேயாவுக்கோ போகணும். விழுப்புரம் வெயில்ல நின்னு பாத்தா நம்ப முடியாது. அன்னிக்கு அங்க மழை அதிகம், வறண்ட மாதம் குறைவு.

ஆனா தடிகள் எல்லாம் படுத்துக் கிடக்கு, வேரும் பட்டையும் இல்ல. வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிட்டு வந்தது. அதனால அது திருவக்கரையோட மழையா, மேற்கே எங்கயோ இருந்த மேட்டுக் காட்டோட மழையான்னு கேள்வி நிக்கும்.

அந்தக் காலத்து வெயில், மழைன்னு தேங்காப்பட்டணத்து அண்ணன் கேட்டதுக்கு நேர்ப் பதில் இன்னும் பக்கத்துல இருக்கு. நீலகிரியில சதுப்புக் கரி மண்ணை 20,000 ஆண்டு ஆழத்துக்கு எடுத்து அதுல இருக்கிற கார்பன் 13ஐ அளந்து 1993ல ஒரு ஆய்வு வந்தது. வெப்பப் புல் வகையும் மர வகையும் காத்துல இருந்து கார்பனை எடுக்கிற வழியே வேற, அதனால மண்ணுல அதோட கையெழுத்தும் வேற. பனி யுக உச்சத்துல புல்லோட கையெழுத்து ஓங்கி இருக்கு, அதாவது பருவமழை தளர்ந்த காலம். கடல் 120 மீட்டர் கீழே கிடந்த அதே காலம்.

தேங்காப்பட்டணத்தான் · புதன் காலை 11:48

காலையில நாலு மணிக்கே எழும்பி மோட்டாரு போட்டு எறச்சு உள்ள எறங்கினேன். ஆளுகிட்ட கெஞ்சி உறை இறக்குறதை மத்தியானத்துக்குத் தள்ளி வச்சேன். அளவுநாடாவும் மொபைலும் கொண்டு போனேன்.

தரையில இருந்து 7 அடி நிகத்துன மண்ணு. 7 முதல் 19½ வரை மணல், அதுல 15 அடி பக்கம் ஒரு விரக்கட தடிமனுக்குச் சிப்பி. 19½ல களி தொடங்குது. 23 அடி 4 இஞ்சில இன்னொரு கட்டை சுவர்ல குத்தி நிக்குது, படுத்து இல்ல, நிக்குது. அடியில வேர் மாதிரி விரல் விரலா களிக்குள்ள இறங்கிப் போகுது. அதைத் தொடல. படம் இருபது எடுத்தேன், அளவுநாடா வச்சு.

சுத்தியலும்_லென்சும் · புதன் காலை 11:59

தம்பி!!! நிக்குதா? வேரோடயா?

அப்போ ஆறு கொண்டு வரல. அங்கயே முளைச்சு அங்கயே செத்தது. முந்தாநாள் நான் சொன்ன வெள்ளத் தடி வாதத்தை இந்தக் கட்டை வரைக்கும் திரும்ப எடுத்துக்கிறேன். முதல் துண்டு அங்க முளைச்சதா, அடிச்சு வந்ததான்னு இனி யாராலும் சொல்ல முடியாது, இந்த வேர் மட்டும் போதும். அதுல இருந்து ஒரு சின்ன வேர், அதைச் சுத்தின களி ஒரு கைப்பிடி, மேல அந்தச் சிப்பி அடுக்குல இருந்து கொஞ்சம். மூணையும் தனித்தனியா. அளவை அதுலயே எழுதுங்க.

மகரந்தத்தூள் · புதன் மதியம் 12:20

வேரை அலுமினியத் தாள்ல சுத்துங்க. பஞ்சு, துணி, காகிதம் எதுவும் வேண்டாம், அதுல இருக்கிற இன்னிக்குக் கார்பன் ஒட்டிக்கும். கழுவவே கூடாது. களி எனக்கு வேணும். மகரந்தத்தோட வெளித்தோல் அமிலத்துல போட்டாலும் கரையாது. களியைக் கரைச்சுட்டு அதை மட்டும் எடுப்போம். அலையாத்தி மரத்து மகரந்தம் நிறைய இருந்தா உப்புத்தண்ணி அங்க வரைக்கும் வந்ததுக்குச் சாட்சி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல வெப்பமண்டல மகரந்தத்துக்கு ஒப்பிட்டுப் பாக்கப் பெரிய தொகுப்பு இருக்கு, தணிகைமணி வளர்த்தெடுத்த துறை அது. 1986ல கராச்சி விமானக் கடத்தல்ல அவர் இறந்து போனார். நானும் என் ஒப்பீட்டுக்கு அங்கதான் போவேன்.

களியை ஈரத்தோட பிளாஸ்டிக் பையில போட்டுக் கட்டி ஃபிரிட்ஜ்ல வைங்க. உறைய வைக்க வேண்டாம், கீழ்த் தட்டு போதும். பூஞ்சை வந்தா வயசு கெட்டுப் போகும்.

தேங்காப்பட்டணத்தான் · புதன் மதியம் 3:35

எடுத்தாச்சு. உறையும் இறக்கியாச்சு. இப்பம் அந்தக் கட்டை உறைக்குப் பின்னால கெடக்கு.

ஒரு பிரச்சினை. ஃபிரிட்ஜ்ல கீழ்த்தட்டுல அம்மா சாளை வாங்கி வச்சிருக்கா. அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற களியை அதுக்குப் பக்கத்துல வச்சா எனக்கு இன்னிக்கு ராத்திரி சோறு கிடைக்காது.

மகரந்தத்தூள் · புதன் மதியம் 3:41

ரெட்டைப் பை போடுங்க. மேல கொட்டை எழுத்துல "புளி இல்ல, தொடாதீங்க"ன்னு எழுதி வைங்க. போன தடவை ஒருத்தர் வீட்டுல ரசத்துக்குப் போயிடுச்சு.